மீசை வைத்த ஐந்து வயது

எங்கள் மையத்தில் ஒரு குழந்தைக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆறடி உயரம், அடர்த்தியான மீசை, மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. ஒத்திகை அறைக்குள் அவருக்கு ஐந்து வயது, பெயர் குட்டி. அறையை விட்டு வெளியே வந்தால் எங்கள் வேன் டிரைவர். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருவார், மாலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நடுவில் இருக்கிற நேரத்தில் எங்களுக்காக அழுவார்.

எங்கள் தொழிலுக்கு நடத்தைப் பகுப்பாய்வு என்று வாய் வலிக்கிற பெயர். விஷயம் அவ்வளவு பெரிதில்லை. வேண்டியதை வாயால் கேட்கத் தெரியாமல் அழுது, புரண்டு, கடித்துக் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எதற்காக அழுகிறார்கள், அழுததும் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து, அதையே அழாமல் கேட்டு வாங்கும் வழியைச் சொல்லிக் கொடுப்போம். இதைப் படிக்க வருகிறவர்கள் வகுப்பு முடிந்ததும், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்க்க, உண்மையான பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வேலை பழகவேண்டும். அந்தக் களப்பணிக்கு அவர்களைத் தேற்றி அனுப்புவது என் பொறுப்பு. தேறவில்லை என்று நிறுத்தி வைப்பதும் நான்தான். அதனால் எனக்குப் பின்னால் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முன்பு ஒரு பொம்மையை உட்காரவைத்துத்தான் ஒத்திகை நடத்தினோம். பொம்மை அழாது, கடிக்காது, சொன்ன இடத்தில் இருக்கும். பொம்மையிடம் பிரமாதமாகத் தேறிய ஒரு மாணவர், முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் மிச்சமாகத் திரும்பி வந்தார். அன்று வந்த கோபத்தில் பொம்மையைத் தூக்கி பீரோ மேல் எறிந்தேன். திரும்பினால் வராந்தாவில் டிரைவர் சாவகாசமாகக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணே, உள்ளே வந்து கொஞ்சம் அழுங்கள் என்று கூப்பிட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

ஏதோ பேருக்குச் சிணுங்குவார் என்று நினைத்தேன். மனிதர் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்களுக்கும் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பல் பிடுங்கக் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்களாம். பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். ஒருவழியாகப் பேசி ஒப்பந்தத்துக்கு வந்தோம். எங்களுக்கு ஒத்திகை இருக்கும்போது அவர் சுத்தம் செய்கிற வேலை மட்டும் பார்ப்பார், பிடுங்குகிற வேலை வைத்துக்கொள்ள மாட்டார்.

யாரைப் பார்த்து இப்படி நடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சொந்தமாக வருகிறது என்றார். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அவரிடம் மூன்று ஆயுதங்கள். மேசைக்கு அடியில் சறுக்கிப் போவது, செருப்பைக் கழற்றி வீசுவது, உடம்பில் எலும்பே இல்லாதவர்போல் தொய்ந்து விழுவது. மூன்றாவதுதான் ஆபத்து. அந்த உடம்பைத் தூக்கி நாற்காலியில் வைக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. தூக்கவே கூடாது என்பதுதான் அங்கே பாடம். ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. யாராவது சிரித்துவிட்டால் போச்சு, அவரைப் பிடிக்க முடியாது. ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டு, அந்த உற்சாகத்தில் மேசையையே முதுகில் சுமந்துகொண்டு அறையைச் சுற்றி வந்தார். இங்கே சிரிக்கக் கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

ஒத்திகையின் விதிகள் சுலபமானவை, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். வேலையைச் சின்ன வாக்கியத்தில் ஒரு முறை சொல்லவேண்டும், கெஞ்சக் கூடாது. பிள்ளை அழுது தப்பிக்கப் பார்த்தால் வேலையை அகற்றக் கூடாது. அதற்காகப் பிள்ளையை மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதும் இல்லை. மேசையில் ஒரு கையகல அட்டை இருக்கும். அதில் விரித்த உள்ளங்கை ஒன்று, கீழே ‘போதும்’ என்று எழுத்து. அதைப் பிள்ளை எடுத்து நீட்டிய நிமிஷமே வேலையை நிறுத்தி ஓய்வு கொடுத்தாகவேண்டும். ராஜாவே வந்து தடுத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. அழுகைக்குக் கிடைக்காதது அட்டைக்குக் கிடைக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். பாராட்டினால் உடனே பாராட்டவேண்டும், எதற்கு என்று சொல்லிப் பாராட்டவேண்டும். வெரி குட், சமத்து, தங்கம் எல்லாம் என் அறையில் தடை செய்யப்பட்ட வார்த்தைகள்.

இந்த வருஷக் குழுவில் ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடுகிற வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள். எழுத்துப் பரீட்சையில் முதல் ஆள். ஆனால் நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக வேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதோ ஊர் சுற்றுகிற ஆசை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

முதல் ஒத்திகை நாளில் டிரைவர் நல்ல கலகலப்பில் இருந்தார். இரண்டு பேரை ஏற்கெனவே வியர்க்க வைத்து அனுப்பியிருந்தார். மூன்றாவதாக அவள் கதவைத் திறந்தாள். மேசைக்கு அடியில் ஒரு செருப்போடு ஊளையிட்டுக்கொண்டிருந்த மனிதர், வந்த காலைப் பார்த்தார். ஊளை பாதியில் நின்றது. மெதுவாக வெளியே வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், தலையைக் கோதிவிட்டார், குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சிவப்புக் கட்டைகளையும் நீலக் கட்டைகளையும் எடுத்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மாமா, இந்தச் சிவப்பை எல்லாம் இந்த டப்பாவுல போடறீங்களா? முடிஞ்சா போதும்.”

போட்டார். நீலத்தையும் கேட்காமலே போட்டார். டப்பாவை மூடிக் கொடுத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுக்கமான ஐந்து வயதை நான் பார்த்ததில்லை. இருவரையும் நிற்கவைத்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மருமகளாம். சலுகைக்கு வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லையாம். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனையில் பிரிந்து, அவர் வேனிலும் அவள் பஸ்ஸிலும் வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்கள் நல்ல பிள்ளையாக இருந்தால் அவள் எதைக் கற்றுக்கொள்வாள் என்று அவரைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

“மேடம், மருமக முன்னாடி உருளச் சொல்றீங்க. ராத்திரி அவ எதிர்ல உக்காந்து நான் எப்படிச் சாப்பிடறது?”

நியாயமான கேள்விதான். ஆனால் வேறு வழி இல்லை. எல்லாரையும் ஒரே குழந்தைதான் சோதிக்கவேண்டும், அப்போதுதான் நியாயம். போதாக்குறைக்கு எங்கள் ஆபீஸ் கிளார்க்கை அழச்சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதார். வெள்ளிக்கிழமைக்குள் தேறுகிறவர்களுக்குத்தான் திங்கட்கிழமை களப்பணி. தேறாதவர்கள் அடுத்த வருஷக் குழுவுக்குக் காத்திருக்கவேண்டும். அவள் விட்டு வந்த வேலையில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று. இவரோ, எங்கள் மருமகள் நடத்தை டாக்டர் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. அவள் தேறவேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாகத் தவித்தது அவர்தான், அவளைத் தேறவிடாமல் குறுக்கே உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

இரண்டாவது ஒத்திகையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தார். அம்மா, இப்போது அழப்போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அழுதார். துக்கம் கேட்கப் போன இடத்தில் பெரிய மனிதர்கள் அழுவார்களே, அப்படி ஒரு மரியாதையான அழுகை. நான் கண்ணாலேயே முறைத்தேன். சுருதியைக் கூட்டினார். கூட்டியதில் புரையேறி இருமல் வந்துவிட்டது. அவ்வளவுதான், அவள் கட்டைகளை அப்படியே வாரி ஓரம் தள்ளிவிட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கைப்பையிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் எடுத்தாள். மாமனாரின் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் மருமகளைக் கோபித்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எனக்கு வந்தது. உண்மையில் இருமினால் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. அதோடு வேலையையும் எதற்கு வாரி எடுத்தாய்? இப்படித்தான் நாளைக்கு ஒரு பிள்ளை கட்டையைப் பார்த்ததுமே இருமும். தேறவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள், கண் கலங்கிவிட்டது. அன்று மாலை வேனை அவர் எடுத்த வேகத்தில் வாசல் பூந்தொட்டி ஒன்று போயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் நடந்ததை டிரைவரின் மனைவி பின்னால் எனக்கு விலாவாரியாகச் சொன்னார். இந்த மனிதர் தினமும் குளிக்கப் போகும்போது துண்டை எடுத்துக்கொள்ள மாட்டாராம். உள்ளே இருந்து துண்டு, துண்டு என்று கத்துவார், மனைவி அடுப்பை விட்டு ஓடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். மருமகள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் படிப்பு வேலை செய்தது. அத்தை, ஒரு வாரம் நீங்கள் ஓடாதீர்கள், கொடியில் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன், போகும்போது அவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள். அத்தை முதல் கத்தலுக்கு ஓடவில்லை. இரண்டாவது கத்தலுக்குக் கையைப் பிசைந்தார். மூன்றாவதுக்கு ஓடியே விட்டார். மறுநாள் மனிதர் எடுத்த எடுப்பிலேயே மூன்று கத்தல் கத்தினார். அதற்கு மேல் ஒரு பக்கெட்டும் உருண்டது.

அவளுக்கு அதில் ஒன்று பிடிபட்டது. அத்தையிடம் உட்கார்ந்து விளக்கினாளாம். அழுகை நிற்கப்போகிற நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், அங்கே எழுந்து ஓடினால் அந்த உச்சத்துக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். எல்லாம் சரி, ஆனால் அந்த நேரத்தில் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லையே என்றாராம் அத்தை.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி ஒத்திகையில் ஒரு படி கூடுதல். பிள்ளையின் அம்மாவும் அறையில் இருப்பார், அவரையும் பதறாமல் வழிநடத்தவேண்டும். வழக்கமாக அம்மா வேஷம் எங்கள் கிளார்க்குத்தான், துப்பட்டா ஒன்றைப் போர்த்திக்கொண்டு கச்சிதமாகச் செய்வார். அன்று பார்த்து அவருக்குப் பல்வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால், டிரைவரின் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். மருமகளுக்குப் பரீட்சை என்று பார்க்க வந்தவர். அக்கா, நீங்கள் ஒரு அரை மணி நேரம் உங்கள் வீட்டுக்காரருக்கு அம்மாவாக இருக்கமுடியுமா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார். முகம் மாறியது. மருமகள் முன்னால் வைத்திருந்த பெரிய மனுஷத்தனம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் படத் துண்டுகளை எடுத்து வைத்து, இதைச் சேர் என்று ஒரு தடவை சொன்னாள். ‘சேருங்கள்’ இல்லை, ‘சேர்’. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்றார். பிறகு ஆரம்பித்தார். இது ஒத்திகை அழுகை இல்லை என்பது எனக்கே முதல் நொடியில் தெரிந்துவிட்டது. சொந்தமாக வருகிறது என்று அன்று சொன்னாரே, அந்தச் சொந்தம் மொத்தமும் வந்து இறங்கியது. மேசைக்கு அடியில் சறுக்கினார். ஒரு செருப்பு பீரோ மேல் போய்ப் பழைய பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தது. இன்னொன்று கதவைத் திறந்த பல் டாக்டரின் மார்பில் பட்டது. சத்தம் ஒப்பந்தத்தையே மீறிவிட்டது என்று சொல்ல வந்த மனிதர் அவர். டிரைவரின் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் சும்மா இருங்க டாக்டர், குழந்தை அழுதுட்டிருக்கு.”

டாக்டர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சத்தம் ஏறியது. மேசை தானாக நடப்பதுபோல் அசைந்தது. அதற்கு மேல் ஏற இடமில்லை என்று நினைத்தபோது, அடியிலிருந்து ஒரு குரல், துண்டு வேண்டும் என்று அலறியது.

அந்த அறையில் குளிக்கிற துண்டு கிடையாது, அதற்கான வேலையும் கிடையாது. அவர் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மனைவியின் உடம்பு எழுந்துவிட்டது. நான் பேனாவை மூடினேன். முடிந்தது, இந்தப் பெண் அடுத்த வருஷம்தான் என்று நினைத்தேன். மருமகள் அவரைத் தொடவில்லை, பதறவில்லை. படத் துண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அட்டையை மட்டும் மேசை விளிம்புக்கு, அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்குத் தள்ளி வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அத்தை, இதுதான் உச்சம். இத்தோட இறங்கிடும். என் கையைப் பிடிச்சுக்கோங்க.”

அத்தை உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று வளைந்துபோனதைப் பிறகுதான் பார்த்தோம். சத்தம் முனகலாகி, முனகல் மூக்கு உறிஞ்சலாகி, அதுவும் ஓய்ந்தது. மேசைக்கு அடியிலிருந்து கனத்த கை ஒன்று மெல்ல மேலே வந்தது. தடவித் தடவி அட்டையைத் தேடி எடுத்து நீட்டியது.

“போதும்னு அட்டையை எடுத்துக் கேட்டே, குட்டி. எழுந்து வா, ரெஸ்ட் எடு.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவந்தார். மீசையெல்லாம் தூசி. சரிம்மா என்றார். அவ்வளவுதான், எனக்கு உள்ளே இருந்து பொங்கிக்கொண்டு வந்தது. சுவரில் நானே எழுதி ஒட்டிய விதிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பல் டாக்டர் செருப்பால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இவள் தேறிவிட்டாள் என்பதை அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சொன்னேன். நானும்தான் தேறிவிட்டேன் என்று அவள் மாமியார் என்னைத் திருத்தினார்.

திங்கட்கிழமை காலையில் டிரைவர் வேனைத் துடைத்த துடைப்பில் எங்கள் மையத்தின் பெயரில் ஓர் எழுத்தே உரிந்துபோயிற்று. மருமகளை முதல் தடவையாக முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். நான்கு வயதுப் பையன் இருந்த ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். மேற்பார்வை பார்க்கும் மூத்தவர் அங்கே காத்திருந்தார். நான் அறிமுகம் செய்துவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். புதிய முகம் கூடினால் பிள்ளை மிரளும்.

வேனில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகை ஆரம்பித்தது. சின்ன ஜீவனின் மெல்லிய குரல்தான், ஆனால் நிஜம். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டார், பிடித்தார். எத்தனையோ வருஷமாக அழுகையிலேயே காலம் தள்ளியவர் களப்பணியில் ஒரு நிஜமான பிள்ளை அழுவதை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதே இல்லையாம். மாணவர்களை இறக்கிவிட்டதும் வேனைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்விடுவாராம். இன்றைக்கு உள்ளே இருப்பது வீட்டுப் பெண் என்பதால் நகர மனம் வரவில்லை. சத்தம் ஏறியது. அவர் கை கதவின் பிடிக்குப் போயிற்று. நீங்கள் உள்ளே போனால் அவளுடைய இத்தனை நேர வேலை பாழ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டைப் பையில் கை விட்டு எதையோ எடுத்து என் முன்னால் நீட்டினார். விரித்த உள்ளங்கை, கீழே ‘போதும்’. ஒத்திகை அறையிலிருந்து எப்போது சுட்டாரோ தெரியவில்லை.

விதி விதிதான். அட்டையை நீட்டினால் அந்த நிமிஷமே ஓய்வு. நான் அட்டையை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன், அவரும் இறங்கினார். தெருக்கோடியில் ஒரு கடையில் நின்று டீ குடித்தோம். டம்ளர் காலியான பிறகும் அவர் அந்த வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முடி கலைந்து, ஒரு காதில் மட்டும் தோடு, முகம் முழுக்கச் சிரிப்பு. பையன் கடைசியில் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தானாம். உங்களைவிடக் கம்மியாகத்தான் அழுதான் மாமா என்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெரி குட் என்றோ சமத்து என்றோ சொல்லிவிடுவாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அந்தப் பிள்ளை அழுதப்ப நீ எழுந்து ஓடலைம்மா,” என்றார். “நான் ஓடிட்டேன்.”

அவள் என் கையிலிருந்த அட்டையை வாங்கித் திரும்ப அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.